ஃபியூஸ் ஏன் போகிறது?
ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற மின்னுருகியைத் தேர்ந்தெடுக்கும் முறை



நீங்களே செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று மேசைமேல் இருக்கிறது. சுவிட்சைப் போடுகிறீர்கள். ‘பட்’டென்று ஃபியூஸ் போய்விடுகிறது. புதியது ஒன்றைப் போடுகிறீர்கள். அதுவும் போய்விடுகிறது. அப்போது அருகில் நிற்கும் ஒருவர் சொல்வார்: “கம்பியைக் கொஞ்சம் தடிமனாகப் போடப்பா, நிற்கும்!”

அவர் சொன்னபடி செய்தால் ஃபியூஸ் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் என்றாவது ஒருநாள் அதற்குப் பதிலாக வேறொன்று போய்விடும்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். கல்லூரி மாணவனாக விடுதியில் இருந்தபோது நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தோம். கடையில் 1 ஆம்பியர் ஃபியூஸ் கேட்டு வாங்கிப் போட்டோம். நான்கைந்து முறை சுவிட்சைப் போட்டால் ஒரு முறையாவது அது போய்விடும். சலித்துப்போய், சிகரெட் பெட்டியிலிருந்த ஈயத்தாளை அந்த ஃபியூஸின்மேல் சுற்றிவிட்டோம். மூன்று வாரம் ஒரு தொல்லையும் இல்லை. விடுதி விழாவன்று மாலை, பாட்டு நடுவில் நின்றது. பெட்டியிலிருந்து புகை வந்தது. ஒருவன் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியிராவிட்டால் பின்னால் தொங்கிய திரைச்சீலை பற்றியிருக்கும். பிரித்துப் பார்த்தால், பழுதானது சில ரூபாய் விலையுள்ள டயோடுகளில் ஒன்றுதான். எரிந்து கருகியதோ, எங்கள் இரண்டு மாதச் சேமிப்பில் வாங்கிய மின்மாற்றி.

ஈயத்தாள் சுற்றியது பெரும் பிழை. ஆனால் அதற்கு முன்பே ஒரு பிழை செய்திருந்தோம். அது என்ன என்பதைக் காண்போம்.

மின்னுருகி எப்படி வேலை செய்கிறது?

கம்பி ஒன்றில் மின்னோட்டம் பாயும்போது வெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும், மின்தடைக்கும், பாயும் காலத்திற்கும் நேர் விகிதத்தில் இருக்கும். இதுவே 1841ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்ட விதி. ‘இருமடி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்கு.

மின்னுருகி என்பது சுற்றில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட மெல்லிய இழை. அதில் உண்டாகும் வெப்பம் ஒருபுறம் இழையைச் சூடேற்றுகிறது. மறுபுறம் காற்றின் வழியாகவும் முனைகளின் வழியாகவும் வெளியேறுகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை இழை நிலையான ஒரு வெப்பநிலையில் நிற்கும். வரவு மிகுந்துவிட்டால் வெப்பநிலை ஏறிக்கொண்டே போய், இழை உருகி அறுந்துவிடும். இதற்குச் சிறிது காலம் பிடிக்கும். ஆதலின் மின்னுருகியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும்: எவ்வளவு மின்னோட்டம்? எவ்வளவு நேரம்? நாங்கள் முதல் வினாவை மட்டுமே கேட்டோம்.

ஓர் இழை எவ்வளவு தாங்கும்?

“வயரிலிருந்து ஒரே ஒரு இழையை உருவிப் போட்டால் போதுமே” என்று சிலர் எண்ணலாம். கணக்கிட்டுப் பார்ப்போம்.

இழையின் விட்டம் குறைந்தால் மின்தடை, விட்டத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் உயரும். வெப்பத்தை வெளிவிடும் மேற்பரப்போ விட்டத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும். உண்டாகும் வெப்பத்தையும் வெளியேறும் வெப்பத்தையும் சமப்படுத்தினால், உருக்கும் மின்னோட்டத்தின் இருமடி விட்டத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது கிடைக்கும். பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த வில்லியம் பிரீஸ் 1880களில் பல உலோகக் கம்பிகளை உருக்கிப் பார்த்து இவ்விதியை நிறுவினார். செம்புக் கம்பிக்கு அவர் விதி இது:

உருக்கும் மின்னோட்டம் (ஆம்பியரில்) = 80 × விட்டம் (மில்லிமீட்டரில்) × √விட்டம்

சாதாரண வளையும் வயரிலுள்ள இழை ஒன்றின் விட்டம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர். 80 × 0.2 × √0.2 = ஏறக்குறைய 7 ஆம்பியர்! தலைமுடியைப் போல் தோன்றும் அந்த ஒற்றை இழை 7 ஆம்பியர்வரை தாங்கும். நீளம் குறைவாக இருந்தால் வெப்பம் முனைகளின் வழியாக விரைந்து வெளியேறுவதால் இன்னும் கூடுதலாகவே தாங்கும். 1 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இதைப் போட்டால் என்ன ஆகும்? சற்றுப் பொறுங்கள், இந்த 7 என்ற எண் மீண்டும் வரும்.

எண்ணும் எழுத்தும்

கண்ணாடிக் குழல் ஃபியூஸ் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் உலோக மூடியைக் கூர்ந்து பாருங்கள். அதில் மின்னோட்டம் எழுதியிருக்கும். 250 வோல்ட் என்று மின்னழுத்தமும் எழுதியிருக்கும். முன்னால் ஆங்கில எழுத்து ஒன்றும் இருக்கும். ‘எஃப்’ என்றால் விரைவில் உருகுவது. ‘டி’ என்றால் தாமதித்து உருகுவது.

20 மில்லிமீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள சிறு குழல் உருகிகளுக்கு ஐ.இ.சி. 60127 என்ற உலகத் தரம் உண்டு. அதன்படி சாதாரணக் கண்ணாடிக் குழல் வகையில் 1 ஆம்பியர் உருகிகள் நடந்துகொள்ள வேண்டிய முறை இது:

1.5 ஆம்பியரில்: இரு வகையும் குறைந்தது 1 மணி நேரம் தாங்க வேண்டும்.
2.1 ஆம்பியரில்: ‘எஃப்’ 30 நிமிடத்திற்குள், ‘டி’ 2 நிமிடத்திற்குள் உருக வேண்டும்.
4 ஆம்பியரில்: ‘எஃப்’ 0.01 முதல் 0.3 விநாடிக்குள், ‘டி’ 0.15 முதல் 3 விநாடிக்குள்.
10 ஆம்பியரில்: ‘எஃப்’ 0.02 விநாடிக்குள் உருகிவிட வேண்டும். ‘டி’ குறைந்தது 0.02 விநாடி தாங்கி, 0.3 விநாடிக்குள் உருக வேண்டும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. 1 ஆம்பியர் என்று எழுதியிருப்பதால் 1.1 ஆம்பியரில் உருகிவிடும் என்று எண்ணக்கூடாது. ஒன்றரை மடங்கைக்கூட அது ஒரு மணி நேரம் தாங்கும். அடுத்தது, எண் ஒன்றாகவே இருந்தாலும் எழுத்து மாறினால் உருகியின் குணம் மாறிவிடும்.

சுவிட்சைப் போட்ட அந்த நொடியில்

எங்கள் ஆம்ப்ளிஃபயரையே உதாரணமாகக் கொள்வோம். அதன் மின்மாற்றி 160 வோல்ட்-ஆம்பியர் திறனுடையது. இரண்டாம் சுற்று 24-0-24 வோல்ட். நான்கு டயோடுகளும், ஒவ்வொன்றும் 4700 மைக்ரோ ஃபாரட் கொண்ட இரண்டு மின்தேக்கிகளும் உண்டு. இவற்றின்மூலம் ஏறக்குறைய +33, −33 வோல்ட் நேர் மின்னழுத்தம் கிடைத்தது. ஒவ்வொரு பக்கமும் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 40 வாட் வீதம் இரு பக்கங்கள்.

முழுச் சுமையில் முதன்மைச் சுற்றில் பாயும் மின்னோட்டம் 160 ÷ 230 = 0.7 ஆம்பியர். அப்படியானால் 1 ஆம்பியர் உருகி ஏன் போக வேண்டும்? இரண்டு காரணங்கள்.

முதலாவது, மின்மாற்றியின் இரும்பு உள்ளகம். வழக்கமான ஓட்டத்தில் காந்தப் பாயம் ஓர் அரைச் சுற்றில் எதிர் உச்சத்திலிருந்து நேர் உச்சம்வரை ஏறுகிறது. அதாவது மாற்றத்தின் அளவு உச்சத்தைப் போல் இரு மடங்கு. மாறுதிசை மின்னழுத்தம் சுழியாக இருக்கும் கணத்தில் நீங்கள் சுவிட்சைப் போட்டுவிட்டதாகக் கொள்ளுங்கள். பாயம் இப்போது சுழியிலிருந்து தொடங்கி, அதே இரு மடங்கு உயரம் ஏற முயலும். இரும்பு அவ்வளவு பாயத்தை ஏற்காது. தெவிட்டு நிலையை அடைந்துவிடும். அப்போது மின்னோட்டத்தைத் தடுக்க எஞ்சியிருப்பது சுருளின் மின்தடை மட்டுமே. முதல் அரைச் சுற்றில், அதாவது 0.01 விநாடிக்கு, மின்னோட்டம் 10 ஆம்பியரையும் தாண்டக்கூடும். சில சுற்றுகளில் அது தணிந்துவிடும். மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் சுவிட்சைப் போட்டால் இத்தொல்லை இல்லை. எந்தக் கணத்தில் போடுகிறோம் என்பது நம் கையில் இல்லையே! எங்கள் ஃபியூஸ் ஒவ்வொரு முறையும் போகாமல், நான்கைந்து முறைக்கு ஒருமுறை போனதன் காரணம் இதுதான்.

இரண்டாவது, காலியாக இருக்கும் மின்தேக்கிகள். 4700 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 33 வோல்ட் அடைய 0.155 கூலும் மின்னூட்டம் வேண்டும். அது 0.02 விநாடியில் நிரம்புமானால் சராசரி மின்னோட்டம் ஏறக்குறைய 8 ஆம்பியர். முதற்கணத்தில் காலி மின்தேக்கி குறுக்குச் சுற்றைப் போலவே நடந்துகொள்கிறது.

இப்போது மேலே கண்ட பட்டியலைத் திருப்பிப் பாருங்கள். 10 ஆம்பியர் பாய்ந்தால் ‘எஃப்’ உருகி 0.02 விநாடிக்குள் உருகியாக வேண்டும். ‘டி’ உருகியோ குறைந்தது அவ்வளவு நேரம் தாங்கியாக வேண்டும். நாங்கள் வாங்கியது ‘எஃப்’. எழுத்தைப் பாராமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியதே எங்கள் முதற்பிழை. ஃபியூஸ் பலவீனமானது என்று பழித்தோம். அது தன் கடமையைத்தான் செய்தது. ‘டி’ 1 ஆம்பியர் போட்டிருந்தால் ஈயத்தாளுக்கு வேலையே இருந்திராது.

முதன்மைச் சுற்றுக்கு உரிய உருகி

எனவே முதன்மைச் சுற்றுக்கு விதி இது: முழுச்சுமை மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள், அதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மதிப்புள்ள ‘டி’ வகை உருகியைப் போடுங்கள். 500, 630, 800 மில்லி ஆம்பியர், 1, 1.25, 1.6, 2 ஆம்பியர் என்ற வரிசையில் உருகிகள் கிடைக்கும். நம் உதாரணத்திற்கு 0.7 × 1.5 = 1.05, ஆகவே ‘டி’ 1 ஆம்பியர்.

இது உண்மையான பழுதின்போது காப்பாற்றுமா? டயோடு ஒன்று பழுதாகிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டதாகக் கொள்வோம். இத்தகைய சிறு மின்மாற்றிகளில் அப்போது முழுச்சுமையைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு மின்னோட்டம் பாயும். அதாவது 7 ஆம்பியர். ‘டி’ 1 ஆம்பியர் உருகி 3 விநாடிக்குள் அறுந்துவிடும். மின்மாற்றி பிழைத்துக்கொள்ளும்.

வயர் இழையைப் போட்டிருந்தால்? அது உருகவும் 7 ஆம்பியர் வேண்டும்! பெரும்பாலும் அது அறுந்திராது. பத்து மடங்கு மின்னோட்டம், செம்புச் சுருளில் நூறு மடங்கு வெப்பம். வார்னிஷ் புகைந்து, காப்பு கருகி, சுருள் எரியும்வரை இழை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் உதவாது, 7 ஆம்பியர் அதற்கு இயல்பான சுமை. அது காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. உங்கள் பெட்டியைக் காக்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் உருகிதான்.

ஒலிப் பகுதிக்கு உரிய உருகி

மின்தேக்கிகளுக்கும் பெருக்கிச் சுற்றுக்கும் இடையே, ஒவ்வொரு பக்கத்திற்கும் + வழியில் ஒன்றும் − வழியில் ஒன்றும் உருகி வைப்பது நல்லது. இதற்கு எவ்வளவு மதிப்பு வேண்டும்?

8 ஓம் ஸ்பீக்கரில் 40 வாட் என்றால் உச்ச மின்னோட்டம் 3.16 ஆம்பியர். + வழி அலையின் ஒரு பாதியையும், − வழி மறுபாதியையும் தருகின்றன. அரை அலையின் சராசரி, உச்சத்தை 3.14 ஆல் வகுத்தால் கிடைக்கும் 1 ஆம்பியர். ஆனால் உருகிக்குச் சராசரி முக்கியமல்ல. வெப்பம் இருமடியைப் பொறுத்ததாதலால் பயனுறு மதிப்பே கணக்கு. அரை அலைக்கு அது உச்சத்தில் பாதி, அதாவது 1.58 ஆம்பியர். ஆகவே 2 ஆம்பியர் உருகி போதும். பாட்டில் முழு ஒலி எப்போதும் இருப்பதில்லை. சராசரித் திறன் முழுத்திறனில் எட்டில் ஒரு பங்கு என்று கொள்வது வழக்கம். ஆகவே உருகி தொல்லையின்றி நிற்கும். மின்தேக்கியை நிரப்பும் பெரு மின்னோட்டம் இவ்வழியில் பாய்வதில்லை. எனவே இங்கே ‘எஃப்’ வகையே தகும்.

வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் குறுக்குச் சுற்றாகிவிட்டால் 33 வோல்ட் நேராக ஸ்பீக்கர்மேல் விழும். 8 ஓம் ஸ்பீக்கர் சுருளின் நேர்மின் தடை ஏறக்குறைய 6 ஓம். பாயும் மின்னோட்டம் 5.5 ஆம்பியர், வெப்பம் 180 வாட்! 5.5 என்பது 2 ஆம்பியர் உருகிக்கு 2.75 மடங்கு. தரத்தின்படி ‘எஃப்’ உருகி அதை 2 விநாடிக்குள் அறுக்கும். உருகி இல்லாவிடில் ஸ்பீக்கர் சுருள் பற்றிக்கொள்ளும்.

உருகி காக்காதவை

உருகியிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கக் கூடாது. ட்ரான்சிஸ்டருக்குள் இருக்கும் சிலிக்கன் துண்டு மிகச் சிறியது. பழுதின்போது இழை சூடேறத் தொடங்குமுன்பே அது அழிந்துவிடக்கூடும். உருகி ட்ரான்சிஸ்டரைக் காப்பதற்கன்று. ஒரு ட்ரான்சிஸ்டர் போனதனால் வீடே எரிந்துவிடாமல் காப்பதற்கு. ஸ்பீக்கரை உறுதியாகக் காக்க வேண்டுமானால் அதற்கென ரிலே கொண்ட காப்புச் சுற்று வேண்டும். நீண்ட நேரம் சிறிதளவே மிகும் சுமையையும் உருகி கண்டுகொள்ளாது, 1.2 ஆம்பியர் பாய்ந்தால் அது சும்மா இருக்கும், மின்மாற்றி மெல்லச் சூடேறும். அதற்காகவே நல்ல மின்மாற்றிகளில் சுருளுக்குள் வெப்ப உருகி ஒன்றைப் புதைத்து வைக்கிறார்கள்.

உருகி மனித உடலையும் காக்காது. உயிருக்கு ஆபத்து விளைவிக்க 1 ஆம்பியரில் ஒரு சிறு பங்கே போதும். ஆகவே 230 வோல்ட் பகுதியில் ஆசிரியர் உடனில்லாமல் கை வைக்காதீர்கள்.

பொருத்தும் முறை

முதன்மை உருகியை ஃபேஸ் வழியில், சுவிட்சுக்கும் முன்னால் வையுங்கள். நியூட்ரல் வழியில் வைத்தால் உருகி அறுந்த பின்னும் பெட்டிக்குள் மின்னழுத்தம் இருக்கும். உருகியை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்தேக்கிகள் தம் மின்னூட்டத்தை இழக்கும்வரை காத்திருங்கள்.

புதிய ஆம்ப்ளிஃபயரை முதன்முறை இயக்கும்போது ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் ‘சீரிஸ் பல்பு’ வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கிவிட்டால் எல்லாம் நலம். அந்த ஒரு கணப் பளிச்சே நாம் மேலே கணக்கிட்ட தொடக்க மின்னோட்டம்! பல்பு முழு ஒளியுடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குறுக்குச் சுற்று உண்டு என்று பொருள். அப்போதும் பாயும் மின்னோட்டம் 100 ÷ 230 = 0.43 ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் எரியாது. தோற்றத்தைக் கொண்டும் பழுதை ஊகிக்கலாம். கண்ணாடிக் குழலின் உட்புறம் கறுத்தோ வெள்ளிப் பூச்சுப் போலவோ இருந்தால் பெரிய குறுக்குச் சுற்று. இழை நடுவில் மட்டும் அமைதியாக அறுந்திருந்தால் சிறிய மிகைச் சுமை.

மாற்றும்போது அதே எண், அதே எழுத்து, அதே மின்னழுத்தம், அதே அளவு. இந்நான்கும் பொருந்த வேண்டும். சரியான உருகி இரண்டு முறை தொடர்ந்து போனால் மூன்றாவதைப் போடாதீர்கள், பழுதைத் தேடுங்கள்.

அந்தக் கருகிய மின்மாற்றியை நான் எறிந்துவிடவில்லை. இன்றும் எங்கள் ஆய்வகத்தில் ஓர் அலமாரியில் இருக்கிறது. ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றலாமா என்று கேட்டு வரும் மாணவனிடம் அதை எடுத்துக் கொடுத்து, ஒருமுறை முகர்ந்து பார்க்கச் சொல்வேன்.

பயிற்சி

1. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்பு இழை எத்தனை ஆம்பியரில் உருகும்?
2. 230 வோல்ட்டில் இயங்கும் 100 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றியின் முதன்மைச் சுற்றுக்கு எந்த உருகி ஏற்றது?
3. ஒரே மின்மாற்றியில் மின்தேக்கிகளை மட்டும் 10,000 மைக்ரோ ஃபாரட்டாக மாற்றினால், 33 வோல்ட் அடைய ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மின்னூட்டம் வேண்டும்?

விடைகள்: 1. ஏறக்குறைய 2.5 ஆம்பியர். 2. 0.43 × 1.5 = 0.65; ஆகவே ‘டி’ 630 மில்லி ஆம்பியர். 3. 0.33 கூலும்.